நட்சத்திர வீரரை வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா, ஒப்பந்தத்தை நீட்டிப்பதா?

2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ், தன் நட்சத்திர வீரர் ஹுவான் சோட்டோவை சான் டியேகோ பாட்ரெஸுக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 23. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வாஷிங்டன் கோப்பை வென்ற உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் நடுவிலேயே 21-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடியவர் அவர். 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னதை மறுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் பாட்ரெஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பியது. யாங்கீஸில் ஒரே ஒரு சீசன். அடுத்த டிசம்பரில் அதே நகரத்தின் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம்.

ஒரே வீரர் விஷயத்தில் மூன்று நிர்வாகங்கள் ஒரே கேள்வியை எதிர்கொண்டு மூன்று நேரங்களில் மூன்று முடிவுகளை எடுத்தன. பெரிய வீரர் ஒருவரின் ஒப்பந்தக் காலம் முடிவை நெருங்கும்போது, கடைசி நாள் வரை வைத்துக்கொண்டு ஆடிப்பார்ப்பதா? போவதற்குள் வேறு அணிக்குக் கொடுத்து இளம் வீரர்களை வாங்குவதா? கேட்டதைக் கொடுத்து நீண்டகாலத்துக்குக் கட்டிப்போடுவதா? ஒவ்வொரு குளிர்காலமும் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் 30 அணிகளில் சில அணிகளாவது இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் கருத்து. மூன்று வழிகளும் ஒரே நாளில் ஒரே விலைக்குக் கிடைப்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. அது கடந்துவிட்டால் அந்த வழி பெயரளவில்தான் மிஞ்சும்.

முதலில் விதிகள். ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு முழு ஆண்டுகள் ஆடி முடிக்கும் வரை அவர்மீது உரிமை அவருடைய அணிக்கே. ஒரு சீசனில் 172 நாட்கள் அணிப் பட்டியலில் இருந்தால் அது ஓராண்டுக் கணக்கு. பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் மத்தியஸ்த முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும். ஆறு முடிந்ததும் வீரர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேசலாம்.

இந்த உரிமை தானாக வந்ததல்ல. 1969-இல் தன்னைக் கேட்காமலே செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் நீதிமன்றம் போனார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975 டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகிய இரு பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) வழக்கில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் வீரர்கள் பக்கம் நின்ற பிறகுதான் கதவு திறந்தது. ஆறு ஆண்டு காத்திருந்து சந்தைக்குப் போகும் வீரரை நன்றி கெட்டவர் என்று ரசிகர்கள் ஏசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃப்ளட் தன் ஆட்ட வாழ்க்கையையே விலையாகக் கொடுத்துப் போராடிய உரிமை அது.

ஐ.பி.எல். அணிகளுக்கு இருப்பதுபோல எல்லோருக்கும் ஒரே செலவு வரம்பு இங்கே கிடையாது. 2025-இல் 24.1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்த அணிகள் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டத் தயாராக இருப்பவர் எவ்வளவும் செலவழிக்கலாம். அதனால் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இந்தக் கேள்வி அவ்வளவு வலிக்காது. மில்வாக்கி, கிளீவ்லேண்ட், கேன்சஸ் சிட்டி போன்ற சிறிய நகரத்து அணிகளுக்கோ அடுத்த ஐந்தாண்டுகளைத் தீர்மானிப்பதே இதுதான்.

இன்னொரு விதியும் கணக்கில் வர வேண்டும். கிளம்பப்போகும் வீரருக்கு அணி ஓராண்டுக்கு ஒரு நிர்ணயத் தொகையை முன்வைக்கலாம். 2024 சீசன் முடிந்தபோது அந்தத் தொகை 2.105 கோடி டாலர். வீரர் அதை மறுத்து வேறு அணிக்குப் போனால், புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பழைய அணிக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைக்கும். வருவாய்ப் பகிர்வில் பணம் பெறும் சிறிய அணியாக இருந்து, வீரரின் புதிய ஒப்பந்தம் 5 கோடி டாலரைத் தாண்டினால், முதல் சுற்று முடிந்தவுடன் அந்த இடம் வரும். ஆடம்பர வரி கட்டிய அணிக்கோ நான்காம் சுற்றுக்குப் பிறகுதான். சீசனின் நடுவில் வாங்கிய வீரருக்கு இந்தத் தொகையை முன்வைக்கவே முடியாது. ஆகவே ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை ஜூலை மாதக் கடைசியில் வாங்குகிறவர் அந்த இரண்டு மாத ஆட்டத்துக்கு மட்டுமே விலை கொடுக்கிறார். பின்னால் வரும் ஈடு எதுவும் அவருக்கு இல்லை. விற்பவருக்கு விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைத்துக்கொள்வது

வாஷிங்டனை எடுத்துக்கொள்கிறேன். பத்தே ஆண்டுகளுக்குள் மூன்று வழிகளையும் சோதித்துப் பார்த்த அணி அது.

பிரைஸ் ஹார்ப்பர் 22 வயதில், 2015-இல், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் (மற்றது அமெரிக்கன் லீக்) மதிப்புமிக்க வீரர் விருதை ஒருமனதாக வென்றவர். 2018 அவருடைய கடைசி ஆண்டு. ஜூலை முடியும்போது அணி திணறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவரைக் கொடுக்கவில்லை. சீசன் 82 வெற்றி, 80 தோல்வி என்று முடிந்தது. அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு இடம் இல்லை. 10 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் என்ற அணியின் கடைசி வாய்ப்பில் கணிசமான பகுதி பல்லாண்டுகள் கழித்துத்தான் கைக்கு வருவதாக இருந்தது. அவர் 13 ஆண்டுகள், 33 கோடி டாலருக்கு ஃபிலடெல்ஃபியா போய்விட்டார். வாஷிங்டன் அந்த ஆண்டு வரி வரம்பைத் தாண்டியிருந்ததால் ஈடாக வந்தது நான்காம் சுற்றுக்குப் பிறகான டிராஃப்ட் இடம். ஒரு தலைமுறையின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு அதுதான் மிச்சம்.

மறு ஆண்டே அவர்கள் கோப்பை வென்றதால் ஹார்ப்பரை வைத்திருந்தது சரிதான் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. 2019 வெற்றிக்குக் காரணம் சோட்டோ என்ற 20 வயது இளைஞர் எழுந்து வந்ததும், பேட்ரிக் கார்பினுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் செலவழித்ததும், பழைய பிட்சர்கள் தாங்கி நின்றதும். 2018-இன் கடைசி இரண்டு மாதங்கள் ஹார்ப்பர் அங்கே ஆடியதால் 2019-க்கு ஒரு துளி பயனும் வரவில்லை. நல்ல முடிவு வந்தது என்பதற்காக வழி சரியாகிவிடாது.

ஆனால் அதே 2019-இல் அதே அணி ஆந்தனி ரென்டோனை வைத்துக்கொண்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதுவும் அவருக்குக் கடைசி ஆண்டு. மே மாதம் 23-ஆம் தேதி அணி 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்தது. அப்போது விற்கச் சொன்ன குரல்கள் நிறைய. விற்கவில்லை. ரென்டோன் அந்த சீசனில் 126 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். இரு லீக்குகளிலும் அதுவே முதலிடம். அக்டோபர் 30 இரவு, ஹூஸ்டனில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஏழாம் இன்னிங்ஸில் வாஷிங்டன் 2-0 என்று பின்தங்கி இருந்தது. ஹூஸ்டனின் பிட்சர் ஸாக் கிரெய்ங்கி அதுவரை அவர்களைக் கட்டிப்போட்டிருந்தார். ரென்டோன் இடப்பக்கமாக, பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஒரு ஹோம் ரன் அடித்தார். அடுத்து வந்த சோட்டோ பந்துகளைப் பொறுமையாக விட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார். கிரெய்ங்கியை மாற்றினார்கள். புதிதாக வந்த வில் ஹாரிஸின் பந்தை ஹவி கென்ட்ரிக் வலக் கோடியில் இருந்த எல்லைக் கம்பத்தின்மீது அடித்தார்; அதுவும் ஹோம் ரன், வாஷிங்டன் முன்னிலை. 6-2 என்று ஆட்டம் முடிந்தது. ஆறு வாரம் கழித்து ரென்டோன் ஏழு ஆண்டுகள், 24.5 கோடி டாலருக்கு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். போகட்டுமே. அந்த ஒரு அடிக்காக எந்த ரசிகரும் பத்து இளம் வீரர்களை விட்டுக்கொடுப்பார்.

ஆகவே, வைத்துக்கொள்வது சரியா என்பதற்கு விடை வீரரிடம் இல்லை, மற்ற 25 பேரிடம் இருக்கிறது. அணி அக்டோபரில் ஆடும் தரத்தில் இருக்கிறதா? இருந்தால் வைத்துக்கொள்ளலாம், அவர் போன பிறகு வருந்தவும் தேவையில்லை.

இல்லாதபோது வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இன் ஏஞ்சல்ஸைப் பார்க்க வேண்டும். பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் வல்ல ஷோஹெய் ஓடானிக்கு அது கடைசி ஆண்டு. எந்த அணியும் தன் சிறந்த இளைஞர்களை அள்ளிக் கொடுத்திருக்கும். ஏஞ்சல்ஸ் அவரை வைத்துக்கொண்டதோடு நிற்காமல், ஜூலை இறுதியில் எட்கர் கெரோ, கை புஷ் என்ற தங்கள் இரு நல்ல இளைஞர்களைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரேனால்டோ லோபெஸையும் வாங்கினார்கள். ஆகஸ்டு தொடங்கியதும் தொடர்ச்சியாகத் தோற்றார்கள். 23-ஆம் தேதி ஓடானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது தெரியவந்தது. மாதக் கடைசியில், ஐந்து வாரங்களுக்கு முன் வாங்கிய அந்த இரு பிட்சர்களையும் வேறு சிலரையும், யார் வேண்டுமானாலும் சம்பளத்தை ஏற்று எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில் போட்டார்கள். சீசன் 73-89. டிசம்பரில் ஓடானி 10 ஆண்டுகள், 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ் போனார்; அதில் 68 கோடி ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு தரப்படும் தொகை. ஏஞ்சல்ஸுக்கு வந்தது டிராஃப்டின் 74-ஆவது இடம்.

அவர்களுடைய மனம் எனக்குப் புரிகிறது. நூறு ஆண்டுகளில் ஒருமுறை வரும் ஆட்டக்காரரைத் தன் கையால் கொடுத்தவர் என்ற பெயரை எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார். ஆனால் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தபோது, அவரைச் சுற்றி அணி இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆசையை மட்டும் நம்பி எடுத்த முடிவு அது.

கைமாற்றுவது

இங்கேதான் நேரத்தின் விலை பச்சையாகத் தெரிகிறது. சோட்டோவை வாஷிங்டன் கொடுத்தபோது அவர்மீது இன்னும் இரண்டரை சீசன் உரிமை இருந்தது. வாங்குபவருக்கு மூன்று அக்டோபர்கள். கூடவே ஜாஷ் பெல்லும் போனார். ஈடாக ஆறு பேர் வந்தார்கள்: சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் உட், ராபர்ட் ஹாசெல், ஹார்லின் சுசானா, லூக் வாய்ட். முதலில் பேசப்பட்டவர் எரிக் ஹாஸ்மர். வேறு அணிக்குப் போக மறுக்கும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்ததால் மறுத்துவிட்டார், அவர் இடத்தில் வாய்ட் வந்தார். அன்றைக்கு வாஷிங்டன் ரசிகர்களின் கோபம் நியாயமானது. பத்து நாள் கழித்து சோட்டோ பாட்ரெஸ் சீருடையில் அதே மைதானத்துக்கு வந்தபோது அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யார்மீதும் பழி இல்லை என்பதுபோல.

ஆனால் பலனைப் பாருங்கள். ஏப்ரம்ஸ் 2024-இல் ஆல் ஸ்டார், அதாவது சிறந்த வீரர்களுக்கான ஆண்டு ஆட்டத்துக்குத் தேர்வானவர். கோரும் உட்டும் 2025-இல் ஆல் ஸ்டார். ஒரே கைமாற்றத்தில் வந்த மூவர் அந்த நிலைக்கு உயர்வது அரிது. கோரை வாஷிங்டன் 2026 ஜனவரியில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து மேலும் ஐந்து இளைஞர்களை வாங்கியது. அவர்மீதும் இரண்டு ஆண்டு உரிமை மிச்சமிருந்தபோதே.

அதே சோட்டோவை ஒன்றரை ஆண்டு கழித்துப் பாட்ரெஸ் கொடுத்தபோது ஒரே ஒரு சீசன்தான் பாக்கி. சம்பளமோ 3 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ட்ரென்ட் கிரிஷமையும் சேர்த்து அனுப்பி, மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஹோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கைல் ஹிகாஷியோகா என ஐந்து பேரைப் பெற்றார்கள். முதல் தர இளம் நட்சத்திரம் என்று அன்று யாரும் சொல்லக்கூடியவர் இதில் இல்லை; நல்ல, பயன்படும் வீரர்கள். ஆனால் பாட்ரெஸ் தங்கள் தேவையைத் தெரிந்து வாங்கியது. அவர்களுக்குப் பிட்சர்கள் வேண்டியிருந்தது. கிங் 2024-இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.95 ரன்கள் மட்டுமே கொடுத்து 13 ஆட்டங்களை வென்றார். தார்ப்பை மார்ச் மாதமே சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கினார்கள். சோட்டோ இருந்த 2023-இல் 82 வெற்றி. அவர் இல்லாத 2024-இல் 93. யாங்கீஸும் இழக்கவில்லை. சோட்டோ 41 ஹோம் ரன் அடித்து, கிளீவ்லேண்டில் பத்தாவது இன்னிங்ஸில் ஒரே அடியில் அவர்களை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். கைமாற்றத்தில் ஒருவர் ஏமாந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏமாந்தவர்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஓராண்டு பாக்கியிருந்த மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. கூடவே டேவிட் பிரைஸையும், அவருடைய மீதிச் சம்பளத்தில் பாதியை வாங்குபவர் தலையில் கட்டி அனுப்பியது. வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸ் பாஸ்டனுக்காக 14 ஆட்டங்கள்தான் ஆடினார். பெட்ஸ் அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸோடு 12 ஆண்டுகள், 36.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 2020, 2024, 2025 என மூன்று கோப்பைகளை வென்றுவிட்டார். ஓராண்டு பாக்கி, ஒரு நட்சத்திரத்துக்குச் சில பேர் வரவு என்ற அளவில் இதுவும் பாட்ரெஸ் செய்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பாட்ரெஸ் தன் அணியின் ஓட்டையை அடைக்க விற்றது. பாஸ்டன் சம்பளக் கணக்கைக் குறைக்க விற்றது. சம்பளத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும் அணி, வருகிற வீரர்களின் தரத்தில் அதற்கான விலையைக் கொடுத்தே தீரும். பணத்துக்குப் பஞ்சமில்லாத ரெட் சாக்ஸ் இதைச் செய்திருக்கவே கூடாது.

கைமாற்றத்துக்கு வீரர்களின் ஓய்வறையில், அவர்கள் மனநிலையில், ஒரு விலை உண்டு என்பதை மில்வாக்கி கற்றுத்தந்தது. 2022 ஆகஸ்டில் தங்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்துகொண்டே, கடைசி இன்னிங்ஸைக் காக்கும் ஜாஷ் ஹேடரை பாட்ரெஸுக்குக் கொடுத்தார்கள். காகிதத்தில் தவறில்லை, ஒன்றரை ஆண்டு பாக்கி. ஆனால் கோப்பைக்காகப் போராடிக்கொண்டிருக்கும் வீரர்களிடம் அது என்ன செய்தி சொன்னது? அந்த ஆண்டு அவர்கள் பிளேஆஃப்புக்கே போகவில்லை. அதே கைமாற்றத்தில் வந்த எஸ்டியூரி ரூயிஸை அந்தக் குளிர்காலத்திலேயே மூன்று அணி ஒப்பந்தம் ஒன்றில் கொடுத்துத்தான் வில்லியம் கான்ட்ரெராஸ் என்ற அருமையான கேட்சரை (பிட்சரின் பந்தைப் பிடிப்பவரை)ப் பெற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் பெரிய கைமாற்றங்களை சீசன் ஓய்ந்த மாதங்களில் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் ஓராண்டு பாக்கியிருந்த கார்பின் பர்ன்ஸை பால்டிமோருக்குக் கொடுத்து ஜோயி ஆர்டிஸ், டி.எல். ஹால், டிராஃப்டின் 34-ஆவது இடம் ஆகியவற்றைப் பெற்றார்கள். அந்த டிசம்பரில் டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்குக் கொடுத்து நெஸ்டர் கோர்ட்டெஸையும் கேலப் டர்பினையும் பெற்றார்கள். 2025-இல் 97 வெற்றிகள். மேஜர் லீக் முழுவதிலும் அதுதான் அதிகம். சிறிய நகரத்து அணி ஒன்று நட்சத்திரங்களை அனுப்பிக்கொண்டே முன்னே வர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நீட்டிப்பது

இந்த வழியில் அணிகள் பெரும்பாலும் பிந்தித்தான் வந்து நிற்கின்றன. சோட்டோவுக்குச் சொன்ன 44 கோடியை ஆண்டுக்குப் பிரித்தால் 2.93 கோடி. அதே காலத்தில் பிட்சர் மேக்ஸ் ஷெர்ஸர் மெட்ஸில் ஆண்டுக்கு 4.33 கோடி வாங்கிக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போக இரண்டு ஆண்டே இருந்த 23 வயது இளைஞர், அதுவும் ஸ்காட் போராஸ் போன்ற ஏஜென்ட் பக்கத்தில் இருக்கும்போது, அதை ஏன் ஏற்க வேண்டும்? போதாக்குறைக்கு, அணியை விற்க யோசிப்பதாக உரிமையாளர்களான லெர்னர் குடும்பம் அந்த ஏப்ரலில் அறிவித்திருந்தது. யார் முதலாளி என்றே தெரியாத இடத்தில் 15 ஆண்டுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

இதற்கு நேர் எதிர் கேன்சஸ் சிட்டி. பாபி விட் ஜூனியருக்கு 23 வயது, இரண்டே ஆண்டு அனுபவம். இன்னும் நான்கு ஆண்டு உரிமை அணியிடம் இருக்கும்போதே, 2024 பிப்ரவரியில், 11 ஆண்டுகளுக்குச் சுமார் 28.9 கோடி டாலர் என்று முடித்துவிட்டார்கள். ஏழாம் ஆண்டுக்குப் பிறகு அவர் விரும்பினால் விலகலாம் என்ற உரிமையையும் கொடுத்தார்கள். இது விட்டுக்கொடுத்தல் அல்ல. இளமையின் சிறந்த ஆண்டுகளைச் சந்தை விலை ஏறும் முன்பே உறுதிசெய்வது. அந்த ஆண்டே அவர் .332 சராசரியோடு அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டம் வென்றார்.

2024 அக்டோபர் 1, பால்டிமோர். பிளேஆஃப்பின் முதல் ஆட்டம். பால்டிமோர் இந்த ஒரு நாளுக்காகத்தான் பர்ன்ஸை வாங்கி வைத்திருந்தது. அவரும் தன் வேலையை முழுமையாகச் செய்தார்: எட்டு இன்னிங்ஸ் முடித்து ஒன்பதாவதிலும் வந்து நின்றார், கொடுத்தது ஒரே ரன். அந்த ஒரு ரன்னை ஆறாவது இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் அடித்து உள்ளே கொண்டுவந்தவர் விட். ஆட்டம் 1-0. மறுநாளும் கேன்சஸ் சிட்டி வென்றது. பர்ன்ஸ் குளிர்காலத்தில் ஆறு ஆண்டுகள், 21 கோடி டாலருக்கு அரிசோனா போய்விட்டார். பால்டிமோருக்கு முதல் சுற்று முடிந்ததும் ஒரு டிராஃப்ட் இடம் கிடைத்தது. மோசமான பேரம் என்று சொல்லமாட்டேன். ஓராண்டு வாடகைக்கு வந்தவரும் நீண்டகாலத்துக்கு வேர் பிடித்தவரும் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்ற அந்த மாலை, இரு வழிகளையும் அருகருகே வைத்துக் காட்டியது.

நீட்டிப்பின் ஆபத்தும் வாஷிங்டனிடமே இருக்கிறது. 2019 டிசம்பரில் உலகத் தொடரின் சிறந்த வீரரான பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுகள், 24.5 கோடி டாலர். வயது 31. அதன் பிறகு அவர் மொத்தம் எட்டு ஆட்டங்களில்தான் முதல் பிட்சராக இறங்கினார். தோளருகே நரம்புகளை அழுத்தும் நோய் அவரை ஒழித்துவிட்டது. 2024-இல் ஓய்வு பெற்றார். அதே வாரத்தில் அதே தொகைக்கு ஏஞ்சல்ஸ் போன ரென்டோன் அங்கே எந்த சீசனிலும் 58 ஆட்டங்களைத் தாண்டவில்லை. இருவரும் நல்ல மனிதர்கள், உடம்பு கைவிட்டது. பாபி விட்டுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு வயதுதான்: முப்பதைத் தொட்டவரோடு போடும் ஏழாண்டு ஒப்பந்தம் ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டத்துக்குப் பரிசு. 23 வயதில் போடுவது வரப்போகும் ஆட்டத்துக்கு.

எப்போது, எதை?

இதையெல்லாம் வைத்து ஓர் அணி நிர்வாகத்துக்கு நான் சொல்வது இதுதான். வீரரின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குள் நீட்டிப்புப் பேச்சை நேர்மையான தொகையோடு தொடங்க வேண்டும். பேச்சுக்கு ஒரு தொகை, பத்திரிகைக்கு ஒரு தொகை என்றால் வீரர் புரிந்துகொள்வார். நான்காம் ஆண்டு முடிவதற்குள் உடன்பாடு வரவில்லை என்றால், அது வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து அணியின் தரத்தைப் பார்க்க வேண்டும். அது கீழே இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பாக்கி இருக்கும்போதே கைமாற்றுவதுதான் முறை. வாஷிங்டன் சோட்டோவை அனுப்பிய நேரம் அது. நடுத்தரமாக இருந்தால் கடைசிக் குளிர்காலம் வரை பொறுக்கலாம், ஆனால் மில்வாக்கியைப்போல எந்த இடத்தை நிரப்புகிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். உண்மையிலேயே கோப்பைக்கு ஆடும் அணியாக இருந்தால் வைத்துக்கொண்டு ஆடட்டும்.

கடைசி ஜூலையில் விற்பது இருக்கும் வழிகளில் மிக மலிவானது. ஆனாலும் அணி தோற்றுக்கொண்டிருந்தால் அதையும் செய்தே ஆக வேண்டும். 74-ஆவது டிராஃப்ட் இடத்தைவிட அது மேல்.

கைமாற்றத்தில் வந்தவர்களும் ஒருநாள் கிளம்புவார்கள் என்பதுதான் இதில் எளிதில் மறந்துபோவது. சோட்டோவுக்கு ஈடாக வந்த ஜேம்ஸ் உட் இப்போது அதே கடிகாரத்தின்மேல் இருக்கிறார். 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் ஆட்டம், 2025-இல் 31 ஹோம் ரன்கள், கூடவே 221 ஸ்டிரைக் அவுட்கள், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தவை. 2030 வரை வாஷிங்டனின் உரிமை. அந்த ஸ்டிரைக் அவுட் எண்ணிக்கையைப் பார்த்து, இன்னும் ஓர் ஆண்டு கவனிக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கமாட்டேன். அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டால் விலை இரட்டிப்பாகும். இன்றைய குறைதான் இன்றைய பேரத்துக்கு இடம் கொடுக்கிறது. வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையிலான பொது ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியுடன் முடிகிறது. சம்பள உச்சவரம்பு வருமா, மத்தியஸ்த விதிகள் மாறுமா என்று பல நிர்வாகங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தில் உட்டிடம் நேரே போய், பாபி விட்டுக்குக் கேன்சஸ் சிட்டி கொடுத்ததுபோல விலகும் உரிமையோடு ஒரு நீண்ட ஒப்பந்தத்தை முன்வைப்பேன். அவர் மறுத்தால், 2028 ஜூலை வரை வாஷிங்டனுக்கு நேரம் இருக்கிறது.